ஃபார்மேட் போடுவதற்கு முன்

கணினி பூட் ஆகவில்லை என்றதும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "ஃபார்மேட் போட்டுடலாமா?" என்பதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணினிப் பழுதுபார்க்கும் தொழிலில் நெடுங்காலமாக இருக்கும் நான், இந்தக் கேள்வியை வாடிக்கையாளர்களிடமிருந்து மட்டுமன்றித் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்களிடமிருந்தும் தொடர்ந்து கேட்டு வருகிறேன். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், கூலியும் கைக்கு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அழிக்கப்படும் கோப்புகளில் பல, சற்றுப் பொறுமையாகப் பார்த்திருந்தால் முழுமையாகக் கிடைத்திருக்கக்கூடியவை. பூட் ஆகாத கணினியின் வட்டில் உரிமையாளரின் கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அவற்றை எட்டும் வழியில் ஏதோ ஓரிடத்தில்தான் தடை ஏற்பட்டிருக்கிறது. அந்த இடம் எது என்பதைக் கண்டறியும் முறையையும், கண்டறிந்த பிறகு எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதையும், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு எங்களிடம் வந்த ஒரு கணினியை வைத்து எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு அந்தப் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அதற்கடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூரின் தாழ்வான பகுதிகளைச் சூழ்ந்தது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த அந்த வாரத்தில் பழுதுக்கு வந்த கணினிகளில் தண்ணீரில் நனைந்தவையும் இருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல், மின்வெட்டால் மட்டுமே இயங்குதளம் சிதைந்துபோனவையும் இருந்தன. திருப்பாதிரிப்புலியூரில் டி.டி.பி. மையம் நடத்தும் ஓர் அக்காவின் கணினி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு நிறுவப்பட்டிருந்தது. புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருக்கிறது; யு.பி.எஸ். பேட்டரி பலவீனமாக இருந்ததால் அதே நொடியில் கணினியும் அணைந்துவிட்டது. பள்ளிகளின் வினாத்தாள்கள், திருமணப் பத்திரிகைகள், ஒப்பந்த நகல்கள் எனப் பல ஆண்டுகளின் வேலை அந்த ஒரே வட்டில் இருந்தது. "தம்பி, ஓ.எஸ். போனாப் போவுது, உள்ள இருக்கறது மட்டும் போயிடக் கூடாதுப்பா" என்றார். பழுதுபார்க்கும் வேலையின் வரிசைமுறை முழுவதும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

கணினியைத் தொடுவதற்கு முன் பூட் ஆகும் வரிசையை மனத்தில் கொண்டுவர வேண்டும். பொத்தானை அழுத்தியவுடன் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான ஃபர்ம்வேர், நினைவகத்தையும் இணைக்கப்பட்டுள்ள கருவிகளையும் சோதிக்கிறது. பழைய பயாஸ் முறையில் அது வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அவற்றில் 446 பைட்டுகள் பூட் நிரலுக்கும், 64 பைட்டுகள் பார்ட்டிஷன் (வட்டின் பிரிவுகள்) பட்டியலுக்கும், கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் உரியவை. இப்போது பரவலாக உள்ள யு.இ.எஃப்.ஐ. முறையில், மதர்போர்டின் நிலைநினைவகத்தில் பதிந்துள்ள குறிப்பைப் பார்த்து, வட்டில் ஃபேட்32 வடிவில் இருக்கும் சிறிய ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனிலிருந்து பூட் நிரலை ஃபர்ம்வேர் எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் அந்த நிரல் கிரப். கிரப், இயங்குதளத்தின் மையக்கருவான கர்னலையும் இனிட்ஆர்டி எனப்படும் தொடக்கப் படிமத்தையும் நினைவகத்தில் ஏற்றும். கர்னல் அந்தப் படிமத்தில் உள்ள டிரைவர்களின் (வன்பொருளை இயக்கும் நிரல்களின்) துணையோடு, இயங்குதளம் குடியிருக்கும் ரூட் கோப்பு முறைமையைக் கண்டுபிடித்து இணைக்கும். அதன் பிறகு சிஸ்டம்டி என்ற நிரல், சேவைகளை ஒவ்வொன்றாகத் தொடங்கி உள்நுழைவுத் திரையைக் கொண்டுவரும்.

இந்த வரிசை தெரிந்தவருக்குத் திரையில் நிற்கும் செய்தியே பாதி விடையைச் சொல்லிவிடும். பூட் செய்யத்தக்க கருவி இல்லை என்று வந்தால் ஃபர்ம்வேருக்கு வட்டே தெரியவில்லை, அல்லது ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனில் உரிய கோப்பு இல்லை. கிரப் ரெஸ்க்யூ என்ற கறுப்புத் திரை வந்தால் கிரப்பின் முதல் பகுதி ஓடிவிட்டது. அதற்கு வேண்டிய மற்றக் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷனை அதனால் காண முடியவில்லை. கர்னல் பேனிக் என்றால் கிரப் தன் வேலையை முடித்துவிட்டது. இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லோடு கட்டளைக்குக் காத்திருக்கும் திரை என்றால் கர்னலும் ஓடிவிட்டது, ரூட் கோப்பு முறைமையில்தான் சிக்கல். எமர்ஜென்சி மோட் என்று நின்றால், பெரும்பாலும், இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் குறிக்கப்பட்டிருக்கும் ஏதோ ஒரு வட்டு இப்போது கணினியில் இல்லை. எல்லாம் முடிந்து திரை மட்டும் இருண்டிருக்க, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்துவடிவ உள்நுழைவு வருகிறது என்றால், இயங்குதளம் நலமாகவே இருக்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவரைத்தான் பார்க்க வேண்டும். இவை அனைத்துக்கும் ஒரே மருந்தாக ஃபார்மேட் போடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

அக்காவின் கணினியில் வந்தது கர்னல் பேனிக். ரூட் கோப்பு முறைமையை இணைக்க முடியவில்லை என்றும், அன்னோன்-பிளாக் என்ற சொல்லோடு இரண்டு சுழியங்களும் திரையின் கீழே நின்றன. அந்தச் சுழியங்கள் முக்கியமானவை. கர்னலுக்கு எந்த வட்டும் கண்ணில் படவில்லை என்பது அவற்றின் பொருள்; அதாவது டிரைவர்களைக் கொண்டுவர வேண்டிய இனிட்ஆர்டி வந்து சேரவில்லை. புதுப்பிப்பின் நடுவே மின்சாரம் போனது என்ற செய்தியோடு இது சரியாகப் பொருந்தியது. உபுண்டு, புதிய கர்னலை நிறுவும்போது பழைய கர்னலையும் வைத்திருக்கும் என்பதால், எஸ்கேப் விசையால் கிரப் பட்டியலை வரவழைத்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பகுதியிலிருந்து பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தோம். வெறும் கர்னல் புதுப்பிப்புச் சிக்கலாக இருந்தால் இந்த ஒரு படியிலேயே கணினி எழுந்துவிடும். யாரும் வீட்டிலிருந்தே செய்து பார்க்கலாம். இங்கே கணினி சற்று முன்னேறி, கோப்பு முறைமையில் எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, எஃப்எஸ்சிகே கட்டளையைக் கையால் இயக்குக என்று கேட்டு இனிட்ராம்எஃப்எஸ் திரையில் நின்றது.

திரையே கேட்கிறது என்பதால் உடன் இருந்த இளைஞர் அந்தக் கட்டளையை, எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று பதில் சொல்லும் தெரிவோடு தட்டச்சு செய்யத் தொடங்கினார். அவரை நிறுத்தச் சொன்னேன். எஃப்எஸ்சிகே, கோப்பு முறைமையின் கணக்கு வழக்கு ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்யும் கருவி. உங்கள் கோப்புகள் மீள வேண்டும் என்பது அதன் முதல் நோக்கம் அன்று. எந்தக் கோப்பகத்திலும் சேராத துண்டுகளை அது லாஸ்ட்-ஃபவுண்ட் என்ற பெட்டியில் எண்களைப் பெயராக இட்டுப் போட்டுவிடும். ஒரே இடத்தை இரண்டு கோப்புகள் உரிமை கொண்டாடினால் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்யும். வட்டே பழுதாகியிருந்தால் அது எழுதும் ஒவ்வொரு எழுத்தும் சேதத்தை அதிகமாக்கும். ஆகவே வட்டின் உடல்நிலை தெரியாமலும், பிரதி ஒன்று கையில் இல்லாமலும் அதை இயக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

உபுண்டுவின் லைவ் யு.எஸ்.பி. ஒன்றைச் செருகி, எதையும் நிறுவாமல் முயன்றுபார்க்கும் தெரிவில் கணினியை எழுப்பினோம். முதலில், வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கை. அதில் நீளமான பட்டியல் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது நான்கு வரிகளை: மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களைச் (வட்டின் சிறு சேமிப்புத் துண்டுகள்) சொல்லும் 5ஆம் எண், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களைச் சொல்லும் 197, திருத்த இயலாதவற்றைச் சொல்லும் 198, கேபிள் வழியாகத் தகவல் பிழையோடு வருவதைச் சொல்லும் 199. கடைசி எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் வட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வட்டை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினால் போதும். கடற்காற்றின் உப்பு படியும் நம் ஊரில் கேபிள் முனைகளும் நினைவகப் பட்டையின் தொடுமுனைகளும் பச்சை பூத்துக் கிடப்பதை அடிக்கடி காண்கிறோம். அக்காவின் வட்டில் 199 சுழியமாக இருந்தது. 197ஆம் வரியில் 16 என்று இருந்தது. மின்சாரம் திடீரெனப் போகும்போது பாதி எழுதப்பட்ட செக்டர்களும் அப்படிக் காட்டக்கூடும் என்றாலும், அந்த எண்ணைப் பார்த்த பிறகு அதே வட்டில் எதையும் எழுதத் துணியக் கூடாது.

அடுத்து, பழுதான வட்டைப் பிரதியெடுக்கும் கருவியான டிடிரெஸ்க்யூ. சாதாரணமாகக் கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுக்கும்போது கெட்ட இடம் வந்தால் வட்டு அங்கேயே திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நிற்கும். சில நேரம் அந்த முயற்சியிலேயே முழுவதுமாகச் செயலிழக்கும். டிடிரெஸ்க்யூ முதலில் எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, முரண்டு செய்யும் இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்துக் கடைசியில் திரும்பி வருகிறது. நடுவே மின்சாரம் போனாலும் அந்த வரைபடக் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புயல் வாரத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளிவட்டு ஒன்றில் முழுப் பிரதி எடுத்து முடித்தபோது, படிக்க முடியாமல் எஞ்சியவை சில கிலோபைட்டுகள் மட்டுமே. அந்தப் பிரதியைப் புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றில் இறக்கினோம். பழைய வட்டைக் கழற்றிப் பெயர் எழுதி ஒதுக்கி வைத்தோம்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பிரதி வட்டில், பார்ட்டிஷன்களை அடையாளம் காட்டும் மூல வட்டின் யு.யு.ஐ.டி. எண்களே இருக்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் இணைத்து பூட் செய்தால் இயங்குதளம் எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆகையால் மூல வட்டைக் கழற்றாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. இரண்டாவது, ஜி.பி.டி. எனப்படும் புதிய பார்ட்டிஷன் முறையில், பட்டியலின் மறுபிரதி வட்டின் இறுதியில் இருக்க வேண்டும். புதிய வட்டு பெரியதாக இருந்தால் அந்த மறுபிரதி நடுவில் நின்றுவிடும். ஜிடிஸ்க் வகைக் கருவியால் அதை இறுதிக்கு நகர்த்திவிட வேண்டும்.

இதற்குப் பிறகுதான் எஃப்எஸ்சிகே. அப்போதும் முதல் ஓட்டத்தை, எதையும் எழுதாமல் என்ன செய்யப் போகிறது என்பதை மட்டும் சொல்லும் தெரிவோடு இயக்கினோம். பட்டியல் அச்சமூட்டும்படி இல்லாததால் இரண்டாம் ஓட்டத்தில் திருத்த அனுமதித்தோம். சூப்பர்பிளாக் எனப்படும் தலைப்புப் பகுதியே கெட்டிருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. 4 கிலோபைட் பிளாக்குகள் கொண்ட இஎக்ஸ்டி4 (உபுண்டுவின் வழக்கமான கோப்பு முறைமை) வகையில் 32768ஆம் பிளாக்கிலும் அதற்கப்பாலும் அதன் மறுபிரதிகள் இருக்கின்றன, அவற்றைச் சுட்டி எஃப்எஸ்சிகேயை இயக்கலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. லாஸ்ட்-ஃபவுண்ட் பெட்டியில் பெயரில்லாத சில கோப்புகள் விழுந்திருந்தன. ஃபைல் என்ற கட்டளை, உள்ளடக்கத்தைப் பார்த்து ஒவ்வொன்றும் என்ன வகை என்று சொல்லிவிட்டது: ஒன்று பி.டி.எஃப்., சில படங்கள், மற்றவை புதுப்பிப்புக்காக இறங்கிய துண்டுகள். பி.டி.எஃப். கோப்பைத் திறந்தோம். நெல்லிக்குப்பத்தில் நடக்கவிருந்த ஒரு திருமணத்தின் பத்திரிகை. அச்சுக்கு அனுப்பக் காத்திருந்தது. மணமக்கள் பெயர் முதல் பேருந்து வழித்தடக் குறிப்பு வரை ஒரு வரியும் குறையவில்லை. அக்கா அதை அன்று மாலையே அச்சகத்துக்கு அனுப்பினார்.

கோப்புகள் கைக்கு வந்த பிறகு இயங்குதளத்தைச் சரிசெய்வது பதற்றமில்லாத வேலை. லைவ் யு.எஸ்.பி.யிலிருந்தபடியே புதிய வட்டின் ரூட் பார்ட்டிஷனையும், அதற்குள் உரிய இடத்தில் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனையும் இணைத்து, சிஎச்ரூட் கட்டளை வழியாக அந்த வட்டின் இயங்குதளத்துக்குள் நுழைந்தோம். பூட் கோப்பகத்தின் பட்டியலை எடுத்தவுடன் காரணம் கண்ணுக்கு முன் நின்றது. பழைய கர்னலின் இனிட்ஆர்டி பல பத்து மெகாபைட் அளவில் இருந்தது. புதிய கர்னலின் இனிட்ஆர்டிக்கு நேரே சுழியம் பைட்டுகள். கோப்பின் பெயர் வட்டில் பதிந்துவிட்டது, உள்ளடக்கம் நினைவகத்திலிருந்து வட்டுக்கு இறங்குவதற்கு முன் மின்சாரம் போய்விட்டது. இஎக்ஸ்டி4 வழக்கமான அமைப்பில் கோப்புகளின் விவரக் குறிப்புகளையே ஜர்னல் எனப்படும் முன்பதிவேட்டில் காக்கிறது, உள்ளடக்கத்தைக் காப்பதில்லை. மின்வெட்டுக்குப் பின் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத கோப்புகள் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

அரைகுறையாக நின்ற தொகுப்புகளை டிபிகேஜி என்ற நிறுவும் கருவி மூலம் நிறுவி முடிக்கச் செய்து, இனிட்ஆர்டியைப் புதிதாக உருவாக்கி, கிரப் அமைப்பையும் புதுப்பித்தோம். பலர் இந்த இடத்தில் தோற்றுப்போவதற்கு ஒரு காரணம் உண்டு. லைவ் யு.எஸ்.பி. பழைய பயாஸ் முறையில் எழுந்திருந்தால், கிரப்பை எத்தனை முறை நிறுவினாலும் யு.இ.எஃப்.ஐ. குறிப்பு பதியாது. சிஸ் கோப்பகத்தில் ஃபர்ம்வேர் பகுதிக்குள் ஈ.எஃப்.ஐ. என்ற உட்கோப்பகம் இருக்கிறதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. பூட் கோப்பகத்தைச் சரிசெய்ததோடு நிறுத்தவும் கூடாது. அதே மின்வெட்டில் வேறு நிரல்களும் வெறுமையாகியிருக்கலாம் என்பதால், நிறுவப்பட்ட கோப்புகளை அவற்றின் பதிவுகளோடு ஒப்பிடும் சோதனையை ஓட்டினோம். அச்சு இயந்திரத்துக்கான நிரல் தொகுப்பில் இரண்டு கோப்புகள் வெற்றாக இருந்தன. அதை மீண்டும் நிறுவாமல் அனுப்பியிருந்தால், கணினி நன்றாக எழுந்திருக்கும், பிரிண்ட் மட்டும் வராமல் அவர் மறுநாள் திரும்ப வந்திருப்பார்.

புதிதாக நிறுவுவதை நான் எதிர்ப்பவன் அல்லன். ஒப்பீட்டுச் சோதனையில் நூற்றுக்கணக்கான கோப்புகள் கெட்டிருந்தால் புதிய நிறுவலே சரியான முடிவு. ஆனால் எதையெல்லாம் எடுத்துவைக்க வேண்டும் என்பதை முதலில் அறிய வேண்டும். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளை எடுத்ததும் எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். டி.டி.பி. மையங்களில் இன்றும் பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் ஏராளமாக உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பத்திரிகை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். உபுண்டுவில் பயனர் சேர்த்த எழுத்துருக்கள் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள, கண்ணுக்குத் தெரியாத கோப்புறைகளில் இருக்கின்றன. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் அப்படித்தான். ஆகையால் நான் ஹோம் கோப்புறையை மறைந்தவை உட்பட முழுவதுமாக எடுத்துவைக்கிறேன்.

விண்டோஸ் கணினிகளிலும் வரிசை இதுவே: முதலில் வட்டின் நிலை, பிறகு பிரதி, கடைசியில் திருத்தம். அங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பிட்லாக்கர் என்ற வட்டு மறையாக்க வசதி. விண்டோஸ் 11 வந்துள்ள பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்தாலே வட்டு மறையாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. உரிமையாளருக்கு அது தெரிவதே இல்லை. பயாஸ் அமைப்பில் ஒன்றை மாற்றினாலும் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்டு நிற்கக்கூடும். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, ஒரேயொரு கோப்பை நீக்கினால் தீரும் சிக்கலுக்கே பல இடங்களில் இந்தத் திறவுகோல் இல்லாமல் காத்திருந்தார்கள். உங்கள் கணக்கில் உள்நுழைந்து அந்த எண்ணைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி, மீட்புச் சூழலில் சி என்ற டிரைவ் எழுத்து வேறு பார்ட்டிஷனுக்குப் போயிருக்கலாம் என்பதால், பூட் கோப்புகளைப் புதிதாக எழுதும் பிசிடிபூட் கட்டளையை இயக்கும் முன் விண்டோஸ் கோப்புறை எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இயங்குதளம் பழுதானது போலவே தோன்றி, அதில் ஒரு குறையும் இல்லாத நிலையும் உண்டு. தேவனாம்பட்டினத்தில் ஒரு கடையின் கணினி, பூட் கருவியை அணுக முடியவில்லை என்ற நீலத் திரையில் நின்றது. பயாஸ் திரைக்குப் போனபோது தேதி பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்து, அமைப்புகள் எல்லாம் ஆலை நிலைக்குத் திரும்பியிருந்தன. அதனால் வட்டு இணைப்பு ஏ.எச்.சி.ஐ. முறையிலிருந்து ரெய்டு முறைக்கு மாறியிருந்தது. பேட்டரியை மாற்றி, அந்த ஒரு தெரிவைப் பழையபடி வைத்ததும் விண்டோஸ் எழுந்தது. அவரிடம் ஃபார்மேட் போட வேண்டும் என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருந்தார். பழுதுக்கு வரும் எந்த கணினியிலும் முதலில் தேதியைப் பார்ப்பது அதனால்தான் எனக்கு வழக்கமாயிற்று.

அக்காவின் மையத்தில் இப்போது யு.பி.எஸ்.க்குப் புதிய பேட்டரி போடப்பட்டிருக்கிறது. நம் ஊர் வெக்கையில் ஈய-அமில பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும் என்பதால், ஐப்பசி தொடங்கும் முன்பே, முக்கிய வேலை எதுவும் திறந்திராத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிக் கணினி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மழை மின்னல் உள்ள நாளில் புதுப்பிப்புகளைத் தள்ளிவைக்கிறார். ஹோம் கோப்புறை முழுவதும் வாரந்தோறும் வெளிவட்டில் பதிகிறது; பதிந்தவுடன் அந்த வட்டைக் கழற்றிவிடுகிறார், பதிந்த பிரதியிலிருந்து ஏதேனும் ஒரு பத்திரிகையை மடிக்கணினியில் திறந்தும் பார்த்துவிடுகிறார். மேசை இழுப்பறையில் ஒரு லைவ் யு.எஸ்.பி. இருக்கிறது, அதே கணினியில், யு.இ.எஃப்.ஐ. முறையில் எழுகிறதா என்று சோதித்த பிறகே அதை அங்கே வைத்தோம்.